எரியாத விளக்கு

கூலாயில் பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், சனிக்கிழமை காலை, என் காரின் ஓட்டுநர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தோம். நாலு போல்ட்தான். ஆனால் அதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஏர்பேக் பெட்டிக்குள் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்கான 90 விநாடி அது. பட்டறை அண்ணன் அந்த நேரத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார், டொயோட்டா 86-இன் முதல் தலைமுறை. 2012-இல் வந்த வகை. நான் வாங்கியது இரண்டாங்கை. முன்சீட் இரண்டிலும், கதவை ஒட்டிய ஓரத்தில், துணிக்குள் ஒரு பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்துத் தைத்திருப்பார்கள். ரேஸ் சீட் போட வேண்டுமென்றால் அந்தச் சீட்டோடு அந்த ஏர்பேக்கும் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

சீட்டுக்கு அடியிலிருந்த மஞ்சள் இணைப்பை அண்ணன் கையில் பிடித்துக் காட்டினார். "இதப் புடுங்கினா டாஷ்போர்ட்ல சிவப்பு லைட்டு எரியும் தம்பி. எரியட்டும்னு விட்டாலும் விடலாம். இல்லன்னா ஒரு ரெசிஸ்டர் போட்டுடலாம். ரெண்டு வெள்ளி சாமான். காடிய நம்ப வச்சிடலாம்."

"நம்ப வைங்கண்ணே" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. காரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த வயரில் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, எதிரே எவ்வளவு தடை இருக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஓம் என்று பதில் வந்தால் ஏர்பேக் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பதிலே வராவிட்டால் விளக்கை எரியவிடும். ஏர்பேக் இருந்த இடத்தில் அதே அளவு தடையுள்ள, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாமானைச் செருகிவிட்டால் போதும். பெட்டி ஒவ்வொரு முறையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். அதுவும் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அரை மணி நேரம் கழித்துப் பயணி சீட்டைக் கழற்றினோம். அங்கேயும் மஞ்சள் வயர் இருந்தது. ஆனால் அது சீட்டுக்குள் போகவில்லை. கருப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன உருண்டையில் முடிந்திருந்தது. அண்ணன் நகத்தால் டேப்பைப் பிரித்தார். உள்ளே ஒரு ரெசிஸ்டர்.

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். தையல் நூலின் நிறம் லேசாக மாறியிருந்தது. உள்ளே பஞ்சு மட்டும்தான். "யாரோ நமக்கு முன்னாடியே வந்து வேலய முடிச்சிட்டான் தம்பி" என்றார். எங்கோ இந்தக் கார் பக்கவாட்டில் அடி வாங்கியிருக்கிறது. பை வெடித்திருக்கிறது. வெடித்ததை வெட்டி எடுத்துவிட்டு, தைத்து, விளக்கை அணைத்து விற்றிருக்கிறார்கள். விற்பவர்கள் எப்போதும் சொல்வதுபோல "ஒரே ஓனர், அடிபடாத காடி" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள்.

நான் அந்தக் காரை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சீட்டில் அதிகம் உட்கார்ந்தவர் என் அம்மா. கோயிலுக்கு, சந்தைக்கு, மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவில் மருத்துவப் பரிசோதனைக்கு. சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு சில விநாடி எரிந்து அணையும். அணைந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். பதினான்கு மாதமும் ஒழுங்காக அணைந்தது.

முதலில் வந்தது கோபம்தான். விற்றவனைப் பற்றி நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அண்ணனும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு அவர் மேசையைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக்கென்று எடுத்து வைத்த புது ரெசிஸ்டர் அங்கே கிடந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றுக்கு நாங்கள் மோசடி என்று பெயர் வைத்திருந்தோம், இன்னொன்றுக்கு மாடிஃபிகேஷன்.

வித்தியாசம் இல்லாமலா போகும் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் இன்னொருவரை ஏமாற்றினான், நான் என் காரை மட்டும் நம்பவைக்கப் பார்த்தேன் என்பது முதல் பதில். ஆனால் காரை யாரும் ஏமாற்ற முடியாது. அதற்குப் பயம் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. அந்த விளக்கு காருக்காக வைத்ததும் இல்லை. டாஷ்போர்டைப் பார்க்கிற மனிதருக்காக வைத்தது. இன்று அது நானாக இருக்கலாம். நாளை என் தம்பி, மூன்று வருடம் கழித்து என்னிடமிருந்து வாங்கப்போகும் யாரோ ஒரு பையன். ரெசிஸ்டர் போடும்போது கேட்பவர் யாரென்றே தெரியாமல் ஒரு பொய்யைச் சொல்லிவைத்துவிட்டுப் போகிறோம். உண்மை உள்ளத்தில், வாய்மை வாயில், மெய் உடம்பில் என்று பள்ளி மேடைகளில் கேட்டுச் சலித்திருக்கிறேன். வாயே திறக்காமல் சொல்லும் பொய்க்கு அந்த மூன்றில் எங்கே இடம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது இதற்கு நேர் எதிர்த் திசையில். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் புகையைக் குறைத்துக்கொள்ளும் மென்பொருளை, உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். அங்கே கார் மனிதரிடம் பொய் சொன்னது. இங்கே மனிதர் காரிடம். திசை எதுவானாலும் ஏமாந்தது டாஷ்போர்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்தான்.

அண்ணன் லேசில் விட்டுக்கொடுப்பவர் இல்லை. பக்கத்துக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது சொன்னார். "அந்த லைட்டுக்கு என்ன தம்பி தெரியும்? கம்பி முழுசா இருக்கான்னு மட்டும்தான் தெரியும். பேக் நல்லா இருக்கா, வெடிச்சா காப்பாத்துமா, ஆளயே கொன்னுடுமா, அதெல்லாம் அதுக்குத் தெரியாது. தக்காத்தா கதை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. 2014-இல் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொன்றது விபத்து இல்லை, விபத்தில் வெடித்த ஏர்பேக்கின் உலோகத் துண்டு. அதிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். நம் ஊர்த் தட்பவெப்பமே அதற்கு எதிரி. அதன் பிறகும் இந்த நாட்டில் அதனால் உயிர்கள் போயின. தக்காத்தா 2017-இல் திவாலானது. அந்தக் கார்களிலெல்லாம் சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் அணைந்திருக்கும். அசல் பாகம், அசல் தையல். யாரும் ரெசிஸ்டர் போடவில்லை.

அவருடைய இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. மஞ்சள் வயரைத் திறந்தபடி விட்டு விளக்கை எரியவிட்டால், பல கார்களில் அந்தப் பெட்டி அமைப்பு முழுவதும் பழுது என்று எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் இருக்கும் பையையும் செயல்படாமல் வைத்துவிடலாம். ரெசிஸ்டர் போட்டால் மற்றவையாவது வேலை செய்யும். அதாவது உண்மையைச் சொன்னால் பாதுகாப்பு குறையலாம், பொய் சொன்னால் கூடலாம். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்மையும் வாய்மைக்கு நிகர் என்று வள்ளுவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாரே, இரண்டு வெள்ளி ரெசிஸ்டர் அதன் வழியாக நுழைந்துவிடும் போலிருக்கிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் அந்த வாதத்தில் தவறு இருப்பதாக நினைக்கவில்லை. ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனை சின்னதில்லை. அந்த நன்மையில் குற்றம் இருக்கக்கூடாது. ரெசிஸ்டர் போட்டவன் அதைப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் ஒருவேளை நிபந்தனை நிறைவேறும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அம்மாவிடம் நானும் சொல்லவில்லை. தெரியாமல்தான், சரி. இனிமேல் தெரியும்.

எனக்கு ரேஸ் சீட் எதற்கு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுவயதில் மாமாவிடம் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இருந்தது. 1998-இல் வந்த கார். லோட்டஸ் கைவைத்துச் செதுக்கியது, உள்ளே ரெக்காரோ சீட். ரெக்காரோ என்பது 1963-இல் ஜெர்மனியின் ராய்ட்டர் நிறுவனத்திலிருந்து பிறந்த பெயர். ராய்ட்டர், காரோசரி என்ற இரண்டு சொற்களின் தலையை ஒட்டிச் செய்தது. இதெல்லாம் பின்னால் படித்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் விலாவை இரு பக்கமும் யாரோ கையால் பிடித்துக்கொள்வதுபோல இருக்கும் என்பதுதான். மாமா கூலாய் - செனாய் சாலையில் வளைவில் திருப்பும்போது நான் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிடி எனக்குப் பாதுகாப்பாகப் பட்டது. முப்பது வயதில் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் அதைத் திரும்ப வாங்கப் போனேன்.

ரேஸ் ஓட்டுநருக்கு அந்தச் சீட் உண்மையிலேயே பாதுகாப்புதான். ஆனால் அவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் இருக்கும், ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் அது கட்டாயம். சுற்றிலும் உருக்குக் கூண்டு, ஆறு முனை பெல்ட். போட்டிக்கான சீட்டின் முதுகில் எஃப்ஐஏ லேபிள் இருக்கும். 8855-1999 என்ற தரத்தில் வந்த சீட் என்றால், செய்த தேதியிலிருந்து 5 ஆண்டுதான் கணக்கு. அதற்குப் பிறகு பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் பந்தயத்தில் ஏற்றமாட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விதி. ஒரு சாமான் தன் முதுகிலேயே "என்னை இதுவரைதான் நம்பலாம்" என்று எழுதிக்கொண்டு வருகிறது. நான் வாங்கிய ஜோடியின் முதுகில் எந்த லேபிளும் இல்லை. இருந்திருந்தாலும் நம்பியிருக்க முடியாது, போலி லேபிளுக்கும் சந்தை இருக்கிறது. ஆக, சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் பிடுங்கி வந்து, ஏர்பேக் இருந்த இடத்தில் வைக்கப் போனேன். எதற்கு? விலாவை யாரோ பிடித்துக்கொள்ளும் அந்த உணர்வுக்கு.

அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். ரெசிஸ்டர், ஓம் எல்லாம் விட்டுவிட்டு, "நீங்க உக்கார்ற பக்கம் பேக் இல்லம்மா, வாங்கறப்பவே இல்ல" என்று மட்டும். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார், "அப்ப இத்தன நாளும் ஒன்னும் ஆகலதானே?"

ஆகவில்லைதான். காரை விற்றவனும் இதையேதான் சொல்வான். 1976-இல் தாமஸ் நேகல் ஒரு கட்டுரையில் ஒரு லாரிக்காரரைப் பற்றிப் பேசுகிறார். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து அடிபட்டால் வாழ்நாள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வார். குழந்தை வராவிட்டால் அந்த அலட்சியத்தை அவரே பெரிதாக நினைக்கமாட்டார். இரண்டிலும் அவர் செய்த தவறு ஒன்றுதான். மிச்சமெல்லாம் சாலையில் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பதினான்கு மாதம் எங்கள் பக்கவாட்டில் எந்த லாரியும் வரவில்லை. அந்த அதிர்ஷ்டம் விற்றவன் கணக்கிலும் சேர்ந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கணக்கில் சேர்ந்ததைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பயணி பக்கத்துக்கு என்ன செய்வது என்று ஹாஃப்கட் கடைகளில் விசாரித்தேன். ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய கார்களின் சீட் கிடைக்கிறது, பையோடு. அந்தப் பை எந்த வெயிலில், எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று கேட்டால் கடைக்காரர் தோளைக் குலுக்குகிறார். புதிதாக வரவழைக்கும் விலைக்கு அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்துவார். அதனால் பழைய சீட்டையே அங்கே திரும்பப் பூட்டினோம். டேப் உருண்டையும் அதன் இடத்துக்கே போனது, மற்றப் பைகள் வேலை செய்ய வேண்டுமே. என் பக்கம் மட்டும் ரேஸ் சீட், புது ரெசிஸ்டரோடு. இவ்வளவு யோசித்தும் கடைசியில் போட்டேனா என்றால், போட்டேன். வாங்கிய ஜோடியில் இன்னொன்று வீட்டு வாசலில் கிடக்கிறது. பூனைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது.

விளக்கு சொல்லாததை வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பயணி பக்க டாஷ்போர்டில் ஒரு தாளை ஒட்டினேன். தமிழிலும் மலாயிலும். "இந்தக் காரின் இரண்டு முன்சீட்டிலும் பக்கவாட்டு ஏர்பேக் இல்லை. விளக்கு எரியாததை நம்ப வேண்டாம்." அண்ணன் படித்துவிட்டு, "விக்கிறப்ப இதக் கிழிச்சிடாதீங்க" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. ஏறுகிற நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பிறகு பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் அதன் மேல் ஒரு சின்னப் பிள்ளையாரை ஒட்டிவைத்தார்.

போன வாரம் வெயிலில் பசை விட்டுப்போய், தாளும் பிள்ளையாரும் கால்மிதியில் விழுந்து கிடந்தன. பிள்ளையாரை அன்றைக்கே எடுத்து ஒட்டிவிட்டேன். தாள் இன்னும் கதவு அறைக்குள் மடிந்து கிடக்கிறது. நேற்று ஒரு நண்பரை செனாய் விமான நிலையத்தில் ஏற்றினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.