வாழைத்தண்டும் நாப்பியும்



போன ஞாயிற்றுக்கிழமை சென்னை வியாசர்பாடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து அத்தோ பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் எட்டு வயதுப் பேத்தி. வேகவைத்த நூடுல்ஸ், மெலிசாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. "கரண்டியை வைடி. அத்தோன்னாலே பிசைஞ்சதுன்னுதான் அர்த்தம்" என்றார். பர்மிய மொழியில் பொருள் அதுதான்.

அந்த அம்மா ரங்கூனில் பிறந்தவர். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகண்ணிகளை அரசே எடுத்துக்கொண்டபோது, லட்சக்கணக்கான இந்தியர்களைப் போல அந்தக் குடும்பமும் கிளம்பிவிட்டது. கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. தம்பிகள் மொஹிங்கா கேட்டு அழுவார்களாம். மீன்சாற்றில் வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸோடு அங்கே காலையில் சாப்பிடுவது அது. இங்கே மீன் வாங்கக் காசில்லை. அவருடைய தாய் வாழைத்தண்டை மட்டும் வேகவைத்து, கடலைமாவு கரைத்து ஊற்றி, இடியாப்பம் பிழிந்து போட்டுக் கொடுத்தாராம். "அன்னிக்குத்தான் தம்பிங்க வயிறார சாப்பிட்டுத் தூங்குச்சு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. நாப்பி என்பது மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. ஒருநாள் அந்த அம்மா டப்பாவில் நாப்பித் துவையல் கொண்டுபோனார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சரும் "வெளியே போய்ச் சாப்பிடு" என்றுவிட்டார். மறுநாளிலிருந்து வீட்டில் நாப்பி, பள்ளிக்குத் தயிர்சாதம். ஒருமுறை அந்தக் குடும்பத்தோடு ரயிலில் போனபோது பார்த்தேன். எழுபது வயதிலும் டப்பாவின் மூடியை ஒரு கையால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். உள்ளே இருந்தது வெறும் இட்லி.

எனக்கு மனசு ஆறவில்லை. பர்மா பஜார் பக்கம் அத்தோவுக்குக் கூட்டமாக நிற்கிறோமே, அதை இங்கே கொண்டுவந்த குடும்பத்துப் பிள்ளையை அன்றைக்கு வாசலுக்கு அனுப்பினோம். இன்றைக்கு பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்கள் டப்பாவிலிருந்து வரும் கடுகெண்ணெய் வாசத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை "என்ன நாத்தம்" என்று முகம் சுளித்தால், அந்தப் பேச்சை அது வீட்டில்தானே கேட்டிருக்கும்? ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைக்கு எதைக் கட்டிக் கொடுப்பது என்று தவிக்கிற ஒரு தாய்க்கு, இதற்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பிசைந்த அத்தோவைப் பேத்தி ஒரு வாய் தின்று பார்த்தாள். "நாளைக்கு ஸ்கூலுக்கு இதையே கட்டிக் குடு ஆயா."

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கையைக் கழுவினார். பிறகு சொன்னார்: "மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவா எடு."