பணமும் வரட்டும், பணியும் தொடரட்டும்



ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரை இயேசு குணமாக்குகிறார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே இதைச் சொல்கிறார்கள். அது வலக்கை என்று குறிப்பவர் லூக்கா மட்டுமே. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தேயு நற்செய்திக்கு விளக்கவுரை எழுதிய புனித ஜெரோம் இன்னொரு தகவலும் தருகிறார். நாசரேயர் பயன்படுத்திய ஒரு நற்செய்தியில் இந்த மனிதர் கொத்தனாராம். கையேந்திப் பிழைக்கும் வெட்கம் வேண்டாம், கையைச் சரியாக்கும் என்று இயேசுவிடம் கேட்டாராம். அந்த நூலைத் திருச்சபை திருவிவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்தக் கொத்தனாரின் மனசு, உழைத்துச் சாப்பிட்ட எவருக்கும் புரியும்.

நம் பங்கிலும் ஒருவர் இருக்கிறார். பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வலக்கைக் கட்டைவிரலைப் பறிகொடுத்தார். காயம் ஆறும்வரை இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பணம் வந்தது. பிறகு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று அட்டவணையே இருக்கிறது. நாள் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 விழுக்காடு 540. அதில் 30 விழுக்காடு 162. நாளொன்றுக்கு இந்த 162 ரூபாய் ஆயுள் முழுக்க வரும். மாதம் ஐயாயிரம் ரூபாய் அளவில் கையில் நிற்கும். அதில் வாடகை கொடுப்பதா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதா?

அவர் மறுபடியும் வேலைக்குப் போனார், இந்த முறை குவாலிட்டி பிரிவில். அங்கே அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடித்து நகர்த்தக் கட்டைவிரல்தான் வேண்டும். அதற்காக வீட்டில் சாவி, ஸ்பூன், பேனா மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து அளந்து இடக்கையைப் பழக்கினார். பாராட்ட வேண்டிய நாமோ, "இஎஸ்ஐ பணமும் வாங்குறான், சம்பளமும் வாங்குறான்" என்று பேசினோம். கடைசியில் அவரே வந்து, "ஃபாதர், ரெண்டையும் வாங்குறது பாவமா?" என்று கேட்டார்.

பாவமே இல்லை. விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சண்டையில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவன் எழுந்து கோலூன்றி நடமாடினாலும், அடித்தவன் அவனுக்கு வேலை கெட்ட நாள்களுக்கு ஈடு தரவேண்டும், வைத்தியமும் பார்க்க வேண்டும். ஈட்டுத்தொகை இழந்த விரலுக்கு. சம்பளம் இன்று செய்த வேலைக்கு. அந்த ஈடும் யாரோ போட்ட பிச்சை அல்ல. மாதாமாதம் தொழிலாளியின் கூலியிலிருந்தும் முதலாளியின் பங்கிலிருந்தும் சேர்ந்த பணம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். காயம் ஆறும்வரை வரும் தற்காலிகப் பணம் வேலை செய்ய முடியாத நாள்களுக்கானது. அந்த நாள்களில் வேறு பட்டறையில் கமுக்கமாகக் கூலி வாங்கினால் அது பொய். அடுத்த தொழிலாளியின் பணத்தில் கைவைப்பது. சந்தேகம் வந்தால் டீக்கடையில் கேட்காதீர்கள், இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். மனித உழைப்பைப் பற்றிய அவருடைய சுற்றுமடல் அடுத்த இரண்டு நாளில் வெளிவர இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகே அதைத் திருத்தி முடித்து, செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவன்று வெளியிட்டார். அந்த மடலின் 22ஆம் பகுதி மாற்றுத்திறனாளிகளின் வேலையைப் பற்றியது. முழு பலம் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை தரும் சமூகம், எளியவரை வலியவர் ஒதுக்கும் சமூகம் என்று அவர் கண்டிக்கிறார். குண்டடிபட்டு, தேறி, மீண்டும் பணிக்கு வந்தவர் சொன்னது இது.

பட்டறை நடத்தும் சகோதரர்களே, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். அரசுக்குச் சட்டம் சொல்வதை உங்களுக்கு மனசாட்சி சொல்லட்டும். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை, உற்பத்தி குறைகிறது என்று கழற்றி வைக்காதீர்கள்.

இறைமக்களே, கை சூம்பியவரை இயேசு எல்லாருக்கும் நடுவில் நிற்கவைத்தார். குறை தேடிய பரிசேயர்தான் ஓரத்திலிருந்து கணக்குப் பார்த்தார்கள். நாம் யார் பக்கம்? இந்த வார அன்பியக் கூட்டத்தில், விபத்துக்குப் பின் வீட்டில் முடங்கியிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவருக்கு வரவேண்டிய தொகை வந்துவிட்டதா என்று கேளுங்கள். வராவிட்டால் கூடவே அலுவலகம் போங்கள். அவரால் முடிந்த வேலையைத் தேடிக் கொடுங்கள். அவர் எவ்வளவு வாங்குகிறார் என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். ஆமென்.