கேஸ் சிலிண்டரும் ஹலாலான சம்பாத்தியமும்

 



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி இப்போது அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறார். வெல்டிங்குக்கான கேஸ் விற்கும் கடையில் வேலை. போன வாரம் எனக்கு போன் செய்தார். “ஹழ்ரத், எங்கள் கடையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் நிரப்பித் தருகிறோம். சனிக்கிழமை ஆனால் சின்னச் சின்ன சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள். நான் நிரப்பிக் கொடுக்கலாமா? கொடுத்தால் என் சம்பளம் ஹலாலா?” என்று கேட்டார்.

இது அமெரிக்காவில் இருக்கும் ஒருவருடைய பிரச்சினை, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். கடைசியில் இந்தக் கேள்வி நம் கடைத்தெருவுக்கே வந்து நிற்கும்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். விஷயம் விளங்காமல் மஸ்அலா சொல்லக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்காகப் பீர் காய்ச்சிக்கொள்ள 1978-ல் சட்டம் அனுமதி கொடுத்தது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். காய்ச்சியதைப் பலர் சுமார் 19 லிட்டர் கொள்ளும் எஃகுப் பீப்பாயில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து, பக்கத்தில் இந்த கேஸ் சிலிண்டரை மாட்டிவிடுவார்கள். கேஸ் இரண்டு வேலை செய்யும். பீருக்குள் கரைந்து நுரை கொடுக்கும். பிறகு அதைத் தள்ளிக் குழாய் வழியாக டம்ளருக்குக் கொண்டுவரும். சிலிண்டர் காலியானால் நிரப்ப இந்தத் தம்பி வேலை செய்யும் மாதிரிக் கடைக்கு வரவேண்டும்.

இப்போது மார்க்கம் என்ன சொல்கிறது? கேஸில் ஏதும் குற்றம் இருக்கிறதா? இல்லை. பொருட்களின் அசல் நிலை ஆகுமானது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நாம் வெளியே விடுகிற மூச்சிலும் இதே வாயுதான் இருக்கிறது. நெருப்பை அணைக்கிறது, வெல்டிங்குக்கு உதவுகிறது, நாம் குடிக்கும் சோடாவில் பொங்குகிறது. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிக்கு மேலே எழும் இந்த வாயுவைத் தண்ணீரில் ஏற்றிப் பார்த்தார். சோடாத் தண்ணீருக்கு வழி பிறந்தது. அதற்காக சோடாவை யாராவது ஹராம் என்கிறோமா? இன்றைக்கு அங்கே வீட்டில் பீருக்குப் பயன்படும் அந்தப் பீப்பாய்கூட முதலில் குளிர்பானக் கம்பெனிகளுக்காகச் செய்யப்பட்டதுதான்.

ஆக, கேஸும் பீப்பாயும் குற்றவாளி இல்லை. அப்படியானால் கேள்வி எங்கே நிற்கிறது? அது எதற்குப் போகிறது என்று தெரிந்த பிறகு நம் கை என்ன செய்கிறது என்பதில் நிற்கிறது.

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் உதவாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் தஆலா அல்மாயிதா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். நபி (ஸல்) அவர்கள் மது விஷயத்தில் குடிப்பவரை மட்டும் சபிக்கவில்லை. பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் காசைத் தின்பவர் என்று பத்துப் பேரைச் சபித்ததாகத் திர்மிதியில் வருகிறது. அந்தப் பட்டியலில் ஒரு சொட்டும் வாயில் வைக்காதவர்களும் இருக்கிறார்கள் சகோதரர்களே! யோசித்துப் பாருங்கள்.

நம் இமாம்கள் இதைத் திராட்சை வியாபாரத்தில் வைத்துப் பேசினார்கள். மது தயாரிப்பவன் என்று உறுதியாகத் தெரிந்தவனுக்குத் திராட்சையை விற்பது ஹராம், சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், சாற்றில் பாவம் இல்லை, அது மாறிய பிறகுதானே மது என்ற அடிப்படையில் சாறு விற்பதை ஆகும் என்றார்கள். அவர்களுடைய மாணவர்கள் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை மக்ரூஹ் என்றார்கள்.

தம்பியிடம் நான் சொன்னேன்: “திராட்சைச் சாறு இனிமேல்தான் மாற வேண்டும். உங்கள் விஷயத்தில் மது ஏற்கெனவே மதுவாகிப் பீப்பாயில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கேஸ் அதை டம்ளருக்குத் தள்ளப் போகிறது. ஊற்றிக் கொடுப்பதற்கு இது ரொம்பப் பக்கம். ஆகவே பீருக்குத்தான் என்று தெரிந்தால் உங்கள் கையால் நிரப்பாதீர்கள். முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்து, உங்களுக்கு வெல்டிங் பக்கத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். கடையின் பெரும்பகுதி வியாபாரம் ஆகுமானது என்பதால் உங்கள் சம்பளத்தை ஹராம் என்று சொல்ல மாட்டேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வேலை தேடிக்கொண்டே இருங்கள். அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவருக்கு அவன் அதைவிடச் சிறந்ததைத் தருவான்.”

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் வருகிற எல்லோரையும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் நிரப்பணுமா ஹழ்ரத்?” என்றார்.

வேண்டாம் என்றேன். துருவித் துருவி விசாரிக்க மார்க்கம் சொல்லவில்லை. அதே சிலிண்டரை வீட்டில் சோடா போடுகிறவரும் கொண்டுவருவார், மீன் தொட்டியில் செடி வளர்க்கிறவரும் கொண்டுவருவார். சிலிண்டரைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. தெரியாதவரைக்கும் அது ஆகுமானது.

அப்போதுதான் அவர் மனதில் இருந்த ஒன்றைச் சொன்னார். ஒரு மாதம் முன்பு ஒரு வயதானவர் சிலிண்டரோடு வந்து, “ரூட் பியர்” போடுவதற்கு என்றாராம். பியர் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பிக்குச் சுருக்கென்று கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அங்கே ரூட் பியர் என்பது பிள்ளைகள் குடிக்கும் இனிப்புப் பானம், போதை கிடையாது. பேரப்பிள்ளைகளுக்காக வந்த மனுஷன்! ஹராமை விட்டு ஓடுகிறோம் என்று பொய்யிலும் கெட்ட எண்ணத்திலும் போய் விழுந்துவிட்டோம். அவர் மறுபடி வந்தால் மன்னிப்புக் கேளுங்கள், சிலிண்டரை நிரப்பிக் கொடுங்கள் என்றேன்.

சகோதரர்களே! இந்த வேலையில் இன்னொரு அமானிதம் ஒளிந்திருக்கிறது. சிலிண்டருக்குள் இந்த வாயு அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். 20 டிகிரி வெப்பத்தில் வளிமண்டலத்தைப் போல 57 மடங்கு. பாதி நிரப்பினாலும் முள் அங்கேதான், முழுசாக நிரப்பினாலும் முள் அங்கேதான். அதனால் இதை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். காலி எடை சிலிண்டரின் மேலேயே பொறித்திருக்கும். அதோடு ஐந்து பவுண்டு, நம் கணக்கில் சுமார் இரண்டேகால் கிலோ, ஏறியதா என்று தராசுதான் சொல்லும். நிரப்புகிறவர் நான்கு பவுண்டோடு நிறுத்திவிட்டால், வாங்குபவர் மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிரப்புகிறவருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரிக்க ஒரு முழு அத்தியாயத்துக்கே முதஃப்பிஃபீன் என்ற பெயர் இருக்கிறது. எதிரே நிற்பவர் முஸ்லிமா, அவர் என்ன குடிப்பார் என்றெல்லாம் பார்த்து எடை குறைக்க அதில் அனுமதி இல்லை. எடையைக் கூட்டினாலும் அநியாயம்தான். அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர் வெயிலில் நிற்கும் காரில் சூடானால் திரவம் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும், பாதுகாப்புத் தகடு கிழிந்து கேஸ் பீறிடும். அந்த நாட்டில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்யவேண்டும். தேதி கடந்ததை நிரப்பக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். இதையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லிக் கொடுப்பதும் உங்கள் கடமை என்றேன். பீரை வெறுக்கிறோம்; அதற்காக ஒருவர் உயிருக்கு ஆபத்து வர விடமாட்டோம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அந்தத் தம்பி ஏழு கடல் தாண்டி இருந்துகொண்டு ஐந்து பவுண்டு கேஸுக்காகத் தூக்கம் இழந்து போன் செய்கிறார். இங்கே டாஸ்மாக் கடைக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் கடை போடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் சோடா, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், ஊறுகாய். சோடா ஹலால்தான், கப் ஹலால்தான். ஆனால் ‘இது எதற்குப் போகிறது’ என்பது அங்கே தெரியாத ரகசியமா? பார் ஏலத்தில் பங்கு போடுகிறவர், கடைக்குக் கட்டிடத்தை வாடகைக்கு விடுகிறவர், முன் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, “நான் குடிப்பதில்லையே ஹழ்ரத்” என்கிறார். ஊற்றிக் கொடுப்பவரும் குடிக்கவில்லை சகோதரரே, அதன் காசைத் தின்பவரும் குடிக்கவில்லை!

யாரையும் நோகடிக்க இதைச் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இருக்கிறது, வாடகை இருக்கிறது, எனக்கும் தெரியும். இன்றைக்கே கடையை மூடச் சொல்லவில்லை. இன்றைக்கே நிய்யத் வையுங்கள் என்கிறேன். இடம் மாற்ற முடியுமா, சரக்கை மாற்ற முடியுமா, ஜமாஅத்தில் யாராவது கைகொடுப்பார்களா என்று கேளுங்கள். வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்படிக் கேட்டு வருகிறவருக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொடுப்பதும் ஸதகாதான்.

நேற்று அந்தத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தாராம். “உன் தராசை நான் நம்புகிறேன். வெல்டிங் பக்கம் நீ பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டாராம். அல்ஹம்து லில்லாஹ்! கேட்காமலே இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா?

யா அல்லாஹ்! எங்கள் ரிஜ்கை ஹலாலாக்கித் தருவாயாக! எங்கள் தராசில் நேர்மையையும் எங்கள் நாவில் உண்மையையும் தருவாயாக! ஹராமை விட நினைப்பவர்களுக்கு நல்ல வழியைத் திறந்து, அவர்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!