எத்தனை நாள் என்ற கேள்வி

விருந்தோம்பல் பற்றி நம்மிடம் உள்ள எழுத்து பெரும்பாலும் வீட்டுக்காரனைப் பார்த்துப் பேசுவது. குறளின் ஒன்பதாம் அதிகாரம் முழுக்க அவனுக்கான உபதேசம்தான். வந்தவனைப் பற்றி அங்கே தெரியவருவது ஒன்றே ஒன்று: அவன் முகம் வாடக்கூடியவன், அனிச்சத்தைவிடச் சுலபமாக. அவன் ஏன் வந்தான், சொல்லிவிட்டு வந்தானா, எப்போது போவான் என்பதெல்லாம் வள்ளுவருக்கு விஷயமில்லை. வந்தவனுக்கு ஒழுக்கம் வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. வழியில் இருப்பவன் தேவையில் இருப்பவன் என்பது அன்று சொல்லாமலே விளங்கியது. கால்நடையாக வந்தவனுக்குப் பசியும் இருட்டும் உண்டு. அவனிடம் காரணம் கேட்பது அசிங்கம்.

இன்று பிரச்னை வேறு. வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஊர் ஊராகத் திரிகிறவர்கள் நம் நண்பர்களிடையேயும் உண்டு. இவர்கள் யாத்ரீகர்கள் இல்லை. துறவிகளும் இல்லை. துறவிக்காவது சாதுர்மாஸ்யம் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு: மழைக்காலத்தில் ஓரிடத்தில் இரு, மற்ற காலத்தில் எங்கும் தங்கிவிடாதே. இவர்களுக்கு நியதியின்மையே மதிப்பு. நினைத்தபோது கிளம்புவது, நினைத்தபோது திரும்புவது. இதில் வேடிக்கை, நீண்ட பயணத்தில் இருப்பவனுக்கும் விடுமுறை தேவைப்படுகிறது. மலையும் கோயிலும் ரயிலும் அலுத்துப்போய், ஒரு குளிர்காலத்தில் திடீரென்று நண்பர்கள் இருக்கிற நகரத்துக்கு நாலு நாள் வந்து படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பயணத்திலிருந்து ஓய்வு என்பது அடுத்தவன் வீடு. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஓய்வா என்பதுதான் நான் கேட்க விரும்புவது.

நம் மரபில் திரிகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆற்றுப்படை என்ற ஒரு வகைமையே அவர்களால் உண்டானது. எந்த வீட்டில் சோறு கிடைக்கும் என்று பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதுதானே அது. ஆனால் பொருநராற்றுப்படையில் ஓர் இடம் இருக்கிறது. கரிகாலனிடம் தங்கிய பொருநன் இறைச்சி தின்று தின்று பல் மழுங்கிப் போனவன், ஒரு நாள் தானாகவே ஊருக்குப் போகிறேன் என்கிறான். அதற்குள்ளா என்று வருந்துகிறவன் அரசன். போகிற நேரத்தைத் தீர்மானித்தது விருந்தாளி. இந்த இங்கிதத்தை நம் உரைகாரர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மேலும் அவன் வெறுங்கையோடு வந்தவனல்ல. கிணையும் பாட்டும் கொண்டு வந்தவன்.

வடமொழி மரபில் அதிதி என்றால் திதி இல்லாதவன், நாள் குறிக்காமல் வருகிறவன் என்று பொருள் சொல்வார்கள். மனு ஸ்மிருதியில் வேறு விளக்கம்: ஓர் இரவு மட்டும் தங்குபவனே அதிதி, நிலையாகத் தங்காததாலேயே அவனுக்கு அந்தப் பெயர். வருவதற்குத்தான் திதி இல்லை, போவதற்கு உண்டு. மனுவோடு எனக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், இந்த இடத்தில் ஆள் நடைமுறை தெரிந்தவர்.

நம் காலத்தின் மிகப் பெரிய அதிதி என்று நான் நினைப்பது ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷை (1913–1996). சொந்த வீடு கிடையாது. வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு பெட்டியோடு நண்பர்களின் வீடுகளில் கழிந்தது. துணி துவைப்பதிலிருந்து பணக்கணக்கு வரை யாராவது பார்த்துக்கொண்டார்கள். ரொனால்ட் கிரஹாம் என்ற நண்பர் தம் வீட்டில் அவருக்கென்றே ஓர் அறை சேர்த்துக் கட்டினார். 1975 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் போகவேண்டிய ஏர்டிஷ், பாதையை மாற்றிக்கொண்டு சென்னையில் இறங்கினார். அங்கே அவருக்குக் கடிதம் எழுதியிருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி என்ற கல்லூரி மாணவரைச் சந்திப்பதற்காக. அந்தச் சந்திப்பிலிருந்து இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977இல் வெளிவந்தது. மாணவரின் வாழ்க்கையே அதில் திசை கொண்டது எனலாம். இப்படிப்பட்டவன் வாசலில் நின்றால் எவன் நாள் கணக்குக் கேட்பான்?

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏர்டிஷை வரவேற்பதற்கு நியாயம் அவர் கொண்டுவந்த கணிதம் என்றால், ஒன்றும் கொண்டுவராதவனை விரட்டலாம் என்று ஆகிவிடும். அப்போது விருந்து என்பதே வியாபாரம். நான் பிழைப்பது வங்கியில். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தாக வேண்டும் என்பது அங்கே வேதம். எதிர்ப்பதிவு தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார், ஏன் இன்னும் தீர்க்கவில்லை என்று. விருந்தாளி அந்தக் கணக்கிலேயே கிடக்க வேண்டியவன். அவனைத் தீர்த்துவிட்டால் விருந்தும் தீர்ந்தது.

காண்ட் 1795இல் எழுதிய நிரந்தர சமாதானம் பற்றிய நூலில் இதை ஒரு கோடு போட்டுப் பிரிக்கிறார். அந்நிய மண்ணில் இறங்குகிறவனுக்குப் பகைவனாக நடத்தப்படாமலிருக்க உரிமை உண்டு. அவன் அழிவுக்குக் காரணமாகாது என்றால் திருப்பியும் அனுப்பலாம். வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் உரிமை அவனுக்குக் கிடையாது, அதற்குத் தனியே ஓர் உடன்பாடு வேண்டும். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப்போக முடியாது, ஒருவரையொருவர் சகித்துக்கொண்டாக வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். கேனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு நகராதவர் சொன்னது இது. நகராதவர்களுக்குத்தான் வருகிறவர்களைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கிறது போலும். காண்ட் பேசியது அந்நியனைப் பற்றி. நண்பனோ அந்த உடன்பாட்டைக் கையெழுத்தில்லாமல் எப்போதோ பெற்றுவிட்டவன். அதனால்தான் சிக்கல்.

சமீபத்தில் ஒரு மார்கழியில், பயணத்தின் இரண்டாம் வருஷத்தில் இருந்த நண்பர் ஒருவர் வடக்கேயிருந்து திடீரென்று பெங்களூர் வந்து இறங்கினார். அங்கே மூன்று பேர் வீட்டில் ஒவ்வோர் இரவு. பிறகு நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் ஓசூர், அங்கிருந்து கெலவரப்பள்ளிப் பக்கம் எங்கள் வீடு. எனக்கு டிசம்பர்க் காலாண்டு முடிவு. என் மனைவி பள்ளி ஆசிரியை, அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வந்தவரைப் பார்த்ததில் எங்கள் இருவருக்கும் உண்மையான சந்தோஷம். காப்பி கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "எத்தனை நாள் இருப்பீங்கண்ணா? உளுந்து ஊறப்போடணும்." அவர் சிரித்தார். "தெரியலம்மா. தோணுற வரைக்கும்."

இந்தக் கேள்வி நம் பண்பாட்டில் கேட்கத் தகாதது. கேட்டாலே முகம் திரிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அவள் கேட்டதோ உளுந்தின் அளவுக்காக. விருந்தை ஓம்புகிறவன் ஒருவன், அதற்கு உளுந்து ஊறப்போடுகிறவள் இன்னொருத்தி என்ற உண்மையை நம் அறநூல்கள் ஓர் உபசார வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன. நண்பர் சொன்ன பதிலில் எனக்கு நெருடியது சுதந்திரம் என்ற சொல்லுக்கு அவர் கொண்டிருந்த அர்த்தம். தோன்றுகிறபடி இருத்தல் ஒருவனுக்குச் சாத்தியமாக வேண்டுமானால், தோன்றுகிறபடி இருக்க முடியாதவர்கள் அவனைச் சுற்றி இருக்க வேண்டியிருக்கிறது. அவர் கெட்டவர் அல்ல. பாத்திரம் தேய்த்தார், கடைக்குப் போனார். நல்ல பேச்சுக்காரர், இரண்டு இரவுகள் நாங்கள் தூங்கியதே தாமதமாகத்தான். ஆனால் நாளைச் சொல்வது என்ற சின்னக் காரியம் அவர் கொள்கைக்கு விரோதமாக இருந்தது.

அணைக்கு அழைத்துப் போனோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கிற தென்பெண்ணை பெங்களூரின் விளிம்பைத் தொட்டு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக நகரத்தின் கழிவையும் சலவைத்தூளையும் ஆலைத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளிக்கு வந்து சேர்கிறது. மதகைத் திறக்கும்போது ஆளுயரத்துக்கும் மேல் வெள்ளையாக நுரை கிளம்பும். காற்றில் பிய்ந்து பறக்கும். வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறதும் இந்தத் தண்ணீர்தான். அன்று காலை மூடுபனி வேறு. நண்பர் மெய்மறந்து நின்றார். இமயத்தில் பார்த்த பனி மாதிரியே இருக்கிறது என்றார். நிறையப் படம் எடுத்தார். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நாற்றத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கடந்துபோகிறவனுடைய கண்ணுக்கும் இருக்கிறவனுடைய மூக்குக்கும் உள்ள தூரம் என்று அதைச் சொல்லலாம். அழகியல் பேசுகிற நம் பத்திரிகைகளில் முதலாவதற்கே அதிக இடம் கிடைத்துவருகிறது என்பதும் உண்மை.

நான் சொல்ல வருவது கேள்வி சரி, பதிலும் சொல்லப்பட வேண்டும் என்பதே. நாளைச் சொல்வதால் வந்தவன் சிறுத்துப்போவதில்லை. அவன் வருகை மற்றவர்களின் காலத்துக்குள் நடக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறான், அவ்வளவே. ஆனால் இதனால் எல்லாம் கணக்குக்குள் வந்துவிடும் என்று நம்பவும் முடியவில்லை. என்னைத் தடுப்பது சிலப்பதிகாரம்.

கொலைக்களக் காதையில் கண்ணகி தன் இழப்பைச் சொல்லும்போது, கணவன் பிரிந்திருந்த நாட்களில் விருந்தை எதிர்கொள்ள முடியாமல் போனதையும் சொல்கிறாள். சொல்லும் இடம் இன்னொருத்தியின் வீடு. விருந்தளிக்கும் உரிமையை இழந்தவள் இப்போது விருந்தாளி. கவுந்தி அடைக்கலமாகக் கொடுக்க, மாதரி வீடும் பாத்திரமும் காய்கறியும் தருகிறாள், மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். சமைப்பது கண்ணகிதான், விரல் சிவந்து முகம் வியர்த்து. அந்த வீட்டில் மாதரி நாள் கேட்டதாக இல்லை. கோவலன் உண்டு எழுந்து சிலம்போடு போனவன் திரும்பவில்லை.

மாதரி நள்ளிரவில் எரி புகுந்தாள். காப்பியம் அதைக் காட்சியாகக் காட்டுவதில்லை. நெடுநாள் கழித்து, கங்கைக் கரையில் செங்குட்டுவனிடம் மாடலன் சொல்லும் பல செய்திகளில் ஒன்றாக, ஓரிரு அடிகளில் அது வருகிறது. மாடலன் ஒரு யாத்ரீகன். தன் வாயால் செய்தி கேட்டவர்களில் இறந்துபோனவர்கள் உண்டு என்பதால்தான் கங்கையில் நீராட வந்ததாக அவன் அரசனிடம் சொல்கிறான்.