அம்மாவின் நிறம்

ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்துத்தான் அம்மா என்னை ஓவியம் படிக்க வைத்தாள். எங்க வீட்டுச் சுவரில் அவளுடைய போட்டோ ஒன்று உண்டு. ஸ்டுடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தது. நம்ம நிறத்துக்கு என்ன குறைச்சல் என்ற கோபத்தில், அவளை உள்ளபடி நீர்வண்ணத்தில் வரைய உட்கார்ந்தேன். விளக்குக்கரிக் கருப்பை எடுத்து ஒரே பூச்சாக அப்பினேன். தலையில் சும்மாடு, கையில் குலை வெட்டும் கத்தரி.

அம்மா பார்த்தாள். "இது யாரோ கூலிக்காரி மாதிரியில்ல இருக்கு. நான் எங்கய்யா?"

வெளுப்பா வேணும்னு கேட்கிறாள் என்று நினைத்தேன். சாதி அவள் மனசுக்குள்ளேயும் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கு என்று தோழர்களிடம் பேசவும் செய்தேன்.

பிறகு ஒரு பழைய ஆல்பத்தின் நகலைப் பார்த்தேன். 1837இல் மதுரையில் தயாரானது. தேனி மாவட்டம் பிரிவதற்கு முன் எங்க ஊருக்கும் மாவட்டம் மதுரைதான். 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்று அதற்குத் தலைப்பு. அமெரிக்க மிஷனரிகளின் ஆங்கிலப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி கொடுத்த இந்திய ஆசிரியர் ஒருவர் தொகுத்தது; இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி ஓவியர்களும் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கு இப்படிச் சாதிவாரியாக வரைந்து விற்றிருக்கிறார்கள். உடை உண்டு, கருவி உண்டு, சாதி உண்டு. ஆள் யார் என்ற கேள்வியே கிடையாது.

சும்மாட்டையும் கத்தரியையும் வைத்து நான் வரைந்தது எழுபத்து மூன்றாவது மாதிரி. ஸ்டுடியோக்காரர் அம்மாவின் நிறத்தை அழித்தார். நான் அம்மாவையே அழித்திருந்தேன்.

போராட்டத்துக்கு அடையாளம் வேணும், போஸ்டர் வேணும். மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தரை எதிரே உட்காரவைத்துவிட்டு, அவரைக் கேட்காமலே அவர் முகத்தை ஒரு கூட்டத்துக்குச் சாட்சியாக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? நோக்கம் நல்லதா இருந்தால் போதுமா?

ஊடுதெரியும் நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயம் கிடையாது. காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். அது வண்ணத்துக்குள் புகுந்து, காகிதத்தில் பட்டு, நம் கண்ணுக்குத் திரும்பி வரணும். கரியைக் கெட்டியாக அப்பினால் வழி அடைபட்டு முகம் செத்துப்போகும். கருத்த முகத்துக்குக் கருப்புச் சாயமே வேண்டாம். பர்ன்ட் சியன்னா, கிரிம்ஸன், அல்ட்ராமரின் நீலம் போதும். தண்ணியாக ஒரு பூச்சு. அது காய்ந்தபிறகு அதன்மேல் இன்னொன்று. அவசரப்பட்டால் அடிப்பூச்சு கலங்கிவிடும். அடியில் போட்ட எதையும் மேலே போட்டு மறைக்க முடியாது.

மறுபடி உட்காரச் சொன்னேன். என்ன சேலை, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்பதை அவளே முடிவு செய்தாள். ஒவ்வொரு பூச்சும் காய்கிறவரைக்கும் பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் கெட்டிக்காரி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஏழு பூச்சு. சுவரில் இருந்த போட்டோவைவிட எவ்வளவோ கருப்பு. நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு எங்கப்பா மூக்குடா" என்றாள். நிறத்தைப் பற்றி ஒண்ணும் சொல்லலை.

படத்துக்குக் கீழே 'உழைக்கும் பெண்' என்று எழுத நினைத்திருந்தேன். அவள் பேரை எழுதினேன்.