சமமும் தமமும் ஹேண்ட் பிரேக்கும்

ஓட்டுகிறவன் ஆசனத்தில் அமர்ந்து விழிப்போடு இருக்கும்வரை மோட்டார் வண்டியை நிறுத்துவதற்கு அவன் காலடியிலுள்ள பிரேக்கே போதுமானது; அவன் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போன பிறகு, ஆளில்லாத அவ்வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்தும் பொறுப்பு முழுவதும் ஹேண்ட் பிரேக்கைச் சார்ந்ததாகிவிடுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இவ்விரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும் என்றே விதித்திருக்கின்றன. மனிதனுடைய ஒழுக்கத்திலும் இத்தகைய இரண்டு உண்டு. பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், தன்னைத் தானே கவனித்துக்கொண்டிருக்கும்போதும் வழுவாமல் இருப்பது ஒன்று; கவனம் கலைந்து, அயர்வும் தனிமையும் சூழ்ந்து, அறிவு தன் ஆசனத்தை விட்டு இறங்கிவிட்ட வேளையிலும் நிலைபெயராமல் நிற்பது மற்றொன்று. இரண்டாவதான இந்தச் சீலம் தளர்ந்துபோனால் அதை எந்த இடத்தில் தொட்டுச் சீர்ப்படுத்துவது என்பதே நான் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

ஹேண்ட் பிரேக்கின் தளர்ச்சியை லீவரே சொல்லிவிடும். ஐந்தாறு பல் ஏறியதும் இறுகி நிற்க வேண்டிய லீவர், பத்துப் பல்லுக்கு மேலும் கடகடவென்று ஏறிக்கொண்டே போகும். கைக்குப் பாரமே தெரியாது. இதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: லீவரிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் கேபிள் நாளடைவில் நீண்டுவிடுவது ஒன்று; டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவின் லைனிங் தேய்ந்து, அதற்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அகன்றுவிடுவது இன்னொன்று. இரண்டுமே உபயோகத்தால் நேர்கின்றன. நியமம் தளர்ந்ததைக் கண்டவுடன் தன்னைப் பாபி என்று நிந்தித்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்துவிடும் பக்தர்களை நான் அறிவேன். அவர்களுடைய துயரம் உண்மையானதே ஆயினும், இழுபடுவது நீளும், உராய்வது தேயும் என்ற சாதாரண உண்மையை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கோத்தகிரியில் மேட்டுத் தெரு ஒன்றின் ஓரத்தில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் இந்த வேலையைச் செய்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். லீவருக்கு அடியிலுள்ள நட்டை இரண்டு சுற்று முறுக்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்று அவசரப்பட்ட ஒருவரிடம் அவர், "முறுக்கிக் கொடுத்துடலாம் சார், இன்னிக்கு நிக்கும். சக்கரத்தைப் பார்க்காம முறுக்கினா கைக்குத்தான் இறுக்கம் தெரியும்" என்றார். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் முட்டுக் கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, லீவரை முழுவதும் இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டார். டிரம்மைக் கழற்றி லைனிங்கில் இன்னும் கனம் இருப்பதைக் கண்டு மீண்டும் மாட்டினார். பின் தகட்டின் துவாரத்திலிருந்த ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரை நுழைத்து, உள்ளேயிருக்கும் அட்ஜஸ்டரின் பற்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டது. உடனே சில பல் பின்வாங்கினார். சக்கரம் தாராளமாகச் சுழன்று, லைனிங் டிரம்மைத் தொட்டும் தொடாததுமாக உரசும் மெல்லிய ஓசை கேட்டதும் நிறுத்தினார். மறு சக்கரத்திற்கும் இவ்வாறே செய்த பிறகுதான் கேபிளின் நட்டுக்கு வந்தார்.

கேபிளை மட்டும் முறுக்கினால் என்ன நேரும்? லீவர் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதை இறக்கிவிட்ட பின்னும் ஷூக்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் டிரம்மை உராய்ந்துகொண்டே வர, டிரம் சூடேறி, மிச்சமிருக்கும் லைனிங்கும் விரைவில் தேய்ந்துபோகும். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்து ஆறாவது சுலோகம், கர்மேந்திரியங்களை அடக்கிக்கொண்டு மனத்தால் விஷயங்களை நினைத்தபடி இருப்பவனை மித்யாசாரன், அதாவது பொய்யொழுக்கம் உடையவன், என்று சொல்வதன் காரணத்தை நான் இவ்வேலையைப் பார்த்த பிறகே தெளிவாக உணர்ந்தேன். அவன் உலகத்தை ஏமாற்றுகிறான் என்பதைவிட, தன்னையே உள்ளுக்குள் எரித்துக்கொள்கிறான் என்பதே பெரிய கேடு.

ஸ்ரீ சங்கர பகவத்பாதர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி, சாதகனுக்கு வேண்டிய ஆறு சம்பத்துக்களில் மனத்தை அடக்கும் சமத்தை முதலிலும், வெளி இந்திரியங்களை அடக்கும் தமத்தை அதன் பின்னும் வைக்கிறது. சக்கரம் முதலில், கேபிள் பிறகு என்ற பட்டறை முறையோடு இது ஒத்திருக்கிறது. ஆயினும் இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அதே கீதை, அதே மூன்றாம் அத்தியாயத்து நாற்பத்தொன்றாம் சுலோகத்தில், முதலில் இந்திரியங்களை வசப்படுத்து என்று அர்ஜுனனுக்குக் கட்டளையிடுகிறதே, எது சரி? இதற்கு வியாக்கியானங்களில் பலவகைச் சமாதானங்கள் சொல்வதுண்டு. என் சிற்றறிவுக்கு எட்டிய சமாதானம், மெக்கானிக் முன்சக்கரத்துக்கு வைத்த கல்லில் இருக்கிறது. உள்ளே கை வைப்பதற்கு முன் வண்டி உருண்டுவிடாதபடி வெளியே ஏதேனும் ஒன்று தடுத்தாக வேண்டும். தீய சகவாசத்தை விட்டு விலகுவதும், கண்டதைப் பார்க்காதிருப்பதும், உபவாசமும், மௌனமும் இத்தகைய தடைகள். அவற்றின்றி மனத்தைத் திருத்தப் புகுவது அபாயம். ஆனால் கல்லையே பிரேக்காக எண்ணி அத்துடன் நின்றுவிடுவது வேலையைத் தொடங்காததற்கு ஒப்பாகும். ஆகவே முதலில் வெளித்தடை, பிறகு சமம், அதன்மேல் நிலையான தமம் என்று கொண்டால் இரு வாக்கியங்களுக்கும் விரோதமில்லை.

இனி, இறுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. திருமூலர், ஐம்புலன்களையும் அடக்கு அடக்கு என்று ஓயாமல் சொல்பவர்களை அறிவிலார் என்றே கடிந்து, ஐந்தும் அடங்கிவிட்டால் மிஞ்சுவது அசேதனமே என்று திருமந்திரத்தில் எச்சரித்திருக்கிறார். யோகத்தைப் பாடிய அப்பெரியவரே இதைச் சொன்னார் என்பது சிந்திக்கத்தக்கது. பட்டறைக்காரர் வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கண்டது லீவரின் இறுக்கம் ஒன்றை மட்டும் அன்று. லீவரை இறக்கியதும் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்த பின்பே ஜாக்கியை இறக்கினார். வேண்டும்போது பிடித்து, வேண்டாதபோது விட்டுவிடுவதே நல்ல பிரேக்கின் லட்சணம். அன்பையும் சிரிப்பையும் பசித்தவனுக்கு இரங்குவதையும்கூடச் சேர்த்துப் பிடித்துக்கொண்ட வைராக்கியத்தை நான் வைராக்கியமாகக் கொள்ள மாட்டேன்.

ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியெடுத்துச் செல்லும் அன்பர்கள், லீவர் தளர்ந்திருப்பதைக் கண்டால், கேபிளை முறுக்கிக் கொடு என்று அவசரப்படுத்தாமல், முதலில் பின் டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சென்ற வருஷத்து விரதம் தளர்ந்துவிட்டதென்று அதைவிடக் கடுமையான விரதம் ஒன்றை மேற்கொள்ள நினைப்பவர்களிடமும் என் விண்ணப்பம் அதுவே.