நடுநிலையா? நேர்மையா?

வெள்ளானூரிலே ஒரு காலைப்பொழுது. தேநீர்க் கடைப் பலகையிலே கிடந்த நாளேட்டை எடுத்த என் மாணவன் ஒருவன், முதற்பக்கம் முழுதும் நிறைந்திருந்த கொட்டை எழுத்துக்களைப் படித்துவிட்டு, "ஐயா, இந்தக் கம்பெனி இணைப்புத்தான் நாட்டிலேயே வேகமானதாம், பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள்!" என்றான். செய்தியல்ல தம்பி, விளம்பரம் என்றேன். ஏட்டின் பெயர் மேலே இருக்கிறதே என்றான். மூலையிலே கடுகளவு எழுத்தில் ஒளிந்திருந்த 'விளம்பரம்' என்ற சொல்லைத் தேடிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "இதை இத்தனை சிறிதாகப் போட்டவர்கள், உள்ளே செய்தியில் எதையெல்லாம் சிறிதாகப் போட்டிருப்பார்களோ?" என்று கேட்டான்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு விடை தேடியே இதை எழுதுகிறேன். இணைய இணைப்பை விற்கும் நிறுவனங்களைப் பற்றி எழுதும் ஏடு, ஒரு பக்கம் சாயலாமா? சாய்ந்தால் அது குற்றமா?

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு கூடி 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற திட்டத்தை இந்நாட்டிலே தொடங்கிற்று. முதலில் அது வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பின்னர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறிற்று. குறிப்பிட்ட சில தளங்களைக் காசின்றிக் காணலாம், மற்றவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம். நூலகத்தின் வாயிலிலே காவற்காரன் நின்று, இந்த ஐந்து நூல் இலவசம், ஏனையவற்றுக்குக் கட்டணம் என்றால், ஏழைப்பிள்ளையின் அறிவு எந்தப் பக்கம் வளரும்? காவற்காரன் கைகாட்டிய பக்கந்தானே!

எதிர்ப்பு எழுந்தது. எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல் கொண்டுசெல்க, வழியை அடைக்காதே, ஒன்றுக்கு விரைவும் மற்றொன்றுக்குத் தாமதமும் விற்காதே என்பதே 'இணைய நடுநிலை'. அதைக் காக்கச் சொல்லி 2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. டிசம்பரிலே ஃபேஸ்புக் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்களைக் கொட்டிற்று. மார்க் ஜுக்கர்பெர்க் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் தம் பெயரிலேயே கட்டுரை தீட்டினார். 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது: தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் தண்டம். சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்நாட்டை விட்டு வெளியேறிற்று.

இந்தப் போரிலே ஏடுகள் எங்கே நின்றன? என்.டி.டி.வி.யின் தளம் அத்திட்டத்திலே இருந்து, பின்பு விலகிற்று. டைம்ஸ் குழுமமும் விலக முன்வந்தது. செய்தி சொல்ல வேண்டியவர்களே செய்திக்குள்ளே பங்காளிகளாய் இருந்தார்கள்! மறுபுறம் பாருங்கள். 'மீடியாநாமா' என்ற செய்தித் தளத்தின் ஆசிரியர் நிகில் பஹ்வா, நடுநிலை காக்கும் இயக்கத்தின் முன்னணியிலேயே நின்றார். செய்தியும் எழுதினார், கிளர்ச்சியும் செய்தார். செய்தியாளன் கொடி பிடிக்கலாமா என்று கேட்போர் உண்டு.

பிடிக்கலாம் என்பேன். ஈரோட்டிலே 1925இல் பிறந்த 'குடி அரசு' எந்தப் பக்கம் நின்றது என்பதை எவரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தீண்டாமைக்கும் மனித உரிமைக்கும் இடையே நட்ட நடுவிலே நிற்பதுதான் அறம் என்றால், அந்த அறம் நமக்கு வேண்டியதில்லை. கம்பிக்கு மனச்சான்று இல்லை; அது எதையும் தள்ளாமல் எதையும் தூக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். நடுநிலை அதன் கடமை. பேனாவைப் பிடித்தவனுக்கு மனச்சான்று உண்டு. நேர்மை அவன் கடமை. தன் சார்பைச் சொல்லிவிட்டு வாதாடுபவன் வழக்கறிஞன். நீதிபதியின் அங்கியை அணிந்துகொண்டு ஒரு பக்கத்துக்கு வாதாடுபவனை என்னவென்று அழைப்பது?

ஆனால், சார்பைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் நம் முதுகையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிரியின் வலுவான வாதத்தை நாம் நேர்மையாக எடுத்துச் சொன்னோமா? "ஒன்றுமே இல்லாத ஏழைக்குச் சிறிதாவது கிடைக்கட்டுமே" என்பது அவர்கள் வாதம். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. நம்மில் பலர் எள்ளி நகையாடினோம். "சிறிது கொடுப்பவன், அந்தச் சிறிதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறான்" என்று பொறுமையாக விளக்கியோர் சிலரே. இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழையின் கைப்பேசியிலே இணையம் மலிந்ததற்கு நம் முழக்கம் காரணமன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மூட்டிய விலைப்போரே பெருங்காரணம். அந்த ஜியோவின் தாய் நிறுவனமான ரிலையன்ஸ், செய்தி அலைவரிசைகள் பல நடத்தும் நெட்வொர்க் 18 குழுமத்தை 2014இலேயே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டது. இணைப்பை விற்பவரும் செய்தியைச் சொல்பவரும் ஒரே கூரையின் கீழ்! 2024 ஜூலையில் பெரிய நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டின. நிறுவனம் அதைக் 'கட்டண மாற்றம்' என்று சொல்லும். 'கட்டண உயர்வு' என்று எழுதும் துணிவு, அதே கூரையின் கீழ் சம்பளம் வாங்குபவனுக்கு எளிதாக வருமா?

வடநாட்டு முதலாளியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் அதுவும் நேர்மையன்று. இணையக் கம்பி வருமுன்னே தொலைக்காட்சிக் கம்பி நம் வீடுகளுக்கு வந்தது. சன் குழுமம் அலைவரிசைகளையும் நடத்திற்று, சுமங்கலி கேபிள் விஷன் என்ற பெயரில் கம்பியையும் வைத்திருந்தது, 2005இல் 'தினகரன்' நாளேட்டையும் வாங்கிற்று. அன்று நம்மில் எத்தனை பேர் இதே கேள்வியை எழுப்பினோம்? நண்பனுக்கு ஒரு முழம், பகைவனுக்கு வேறொரு முழம் என்றால் நாம் அளப்பது துணியை அன்று, நம் வசதியை!

நான் சொல்வதாலேயே நம்பிவிடாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார் என்பது பெரியார் நமக்குத் தந்த பாடம். கோவில் வாயிலிலே கேட்கப் பழகிய கேள்வியை நாளேட்டின் வாயிலிலும் கேளுங்கள். எழுதியவன் யார் பக்கம், அதைச் சொன்னானா? எதிர்ப்பக்கத்தின் சிறந்த வாதத்தை மறைத்தானா? தன் நண்பனையும் இதே கோலால் அளந்தானா? இந்த மூன்றையும் இந்த இதழிடமும் கேளுங்கள், இக்கட்டுரையை எழுதிய என்னிடமும் கேளுங்கள்.

மறுநாள் அந்த மாணவன் வகுப்பிற்கு நாளேட்டோடு வந்தான். விளம்பரம் என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறதென்று மற்ற பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான் பாடத்தைச் சற்றுத் தாமதமாகவே தொடங்கினேன்.